பாட ஆங்கிலம்: தமிழ்வழி மாணவர் தடுமாறும் இடங்கள்

2018 மே மாதம் நடந்த நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடரப்பட்டது. தமிழில் தேர்வெழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் கூடுதலாக வழங்க வேண்டும் என்று ஜூலையில் தீர்ப்பு வந்தது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. முடிவு எப்படி இருந்தாலும், வினாவில் உள்ள சொல் புரியாவிட்டால் பாடம் தெரிந்த மாணவரும் தோற்பார் என்பதை அந்த வழக்கு ஊரறியப் பேச வைத்தது.

அதே இடர் எதிர்த்திசையில் ஆண்டுதோறும் நடக்கிறது. அதற்கு வழக்கும் இல்லை, தலைப்புச் செய்தியும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் கணிதம், இயற்பியல், வணிகவியல் படித்து நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் கல்லூரியில் சேர்ந்து, முதல் பருவத்திலேயே முழுவதும் ஆங்கிலமான பாடநூலையும் வினாத்தாளையும் சந்திக்கிறார்கள். பள்ளிப் பொதுத்தேர்வில் இரு மொழியிலும் அச்சிடப்பட்டிருந்த வினா, ஆறே மாதத்தில் ஒரு மொழிக்குச் சுருங்கிவிடுகிறது. முதல் பருவத்தில் தவறியவரைப் பார்த்து 'இங்கிலீஷ் வீக்' என்கிறோம். இந்த இரண்டு சொல் நோய்க்கணிப்பு மிகவும் பொத்தாம்பொதுவானது. ஆங்கிலத்தின் எந்தப் பகுதி, எந்த இடத்தில் தடுக்கிறது என்று கேட்டால்தான் மருந்து தேட முடியும்.

வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் இரண்டு. ஒன்று கலைச்சொல் பட்டியல், மற்றொன்று ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. முதலாவது தேவையானது. 2018இல் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தின் தமிழ்வழி நூல்களில் பாட முடிவில் கலைச்சொற்கள் இரு மொழியிலும் தரப்பட்டிருப்பது நல்ல வேலை. 'ஹைப்பாட்டனியூஸ்' என்றால் கர்ணம், 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்றால் ஒளிச்சேர்க்கை. இவை பார்ப்பதற்குப் பயமுறுத்துபவை, ஆனால் ஒருமுறை பொருள் தெரிந்தால் பிறகு குழப்பாதவை. அந்தச் சொற்களுக்கு வேறு பொருளே கிடையாது. இரண்டாவது மருந்தைப் பற்றி கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து சொல்லிவந்தது முக்கியமானது. புதிய மொழிச் சூழலுக்கு வரும் குழந்தைகள் பேச்சுமொழியை ஏறக்குறைய இரண்டு ஆண்டில் பிடித்துக்கொள்கிறார்கள். பாடமொழியில் உடன்படிப்பவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது. அது ஆங்கிலம் சுற்றிலும் ஒலிக்கும் நாட்டின் கணக்கு. கடையில் பேசவும் நேர்முகத் தேர்வில் தன்னை அறிமுகம் செய்யவும் கற்ற ஆங்கிலம், ஒரு தேற்றத்தின் கூற்றைப் படிக்கப் போதாது. இரண்டும் வேறு வேறு திறமைகள்.

சொல்லறிவை ஆராய்ந்தவர்கள் பாடநூலின் சொற்களை அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியின் ஒரு வேர் நம் துணைக்கண்டத்தில் இருக்கிறது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவருக்கு முதல் தேவை ஆங்கிலம் படிக்கத் தெரிவதே என்று கருதி, எந்தச் சொற்களை முதலில் கற்பிப்பது என்ற கேள்வியைப் பல ஆண்டுகள் துரத்தினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டனைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட், கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறை நூல்களிலிருந்து 35 லட்சம் சொற்களைத் திரட்டி, வெஸ்டின் பட்டியலில் இல்லாத, ஆனால் எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். 'அஸ்யூம்', 'டெரைவ்', 'வேரி', 'ஹென்ஸ்', 'வேராஸ்', 'இன்ஃபர்' போன்றவை அவை. பாடநூலில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்த 570இலிருந்து வருகிறது. வணிகவியல் நூல்களில் அது 12 சதவீதம், நான்கு துறைகளில் அதுவே அதிகம். வணிகவியல் எளிது, ஆங்கிலம் அவ்வளவு வேண்டாம் என்று சொல்லி மாணவரை அங்கே அனுப்புகிறவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இந்த 570ஐ ஒரு மாணவர் ஓராண்டில் கற்றுவிட முடியும். நாளைக்கு இரண்டு என்று வைத்தால்கூடப் போதும். ஆனாலும் பட்டியல் அவரை முழுவதும் காப்பாற்றாது. ஏனென்றால் மிகவும் தடுக்கும் சொற்கள் அந்தப் பட்டியலில் இல்லை. 'பவர்', 'வொர்க்', 'சார்ஜ்', 'மீன்', 'இன்ட்ரஸ்ட்' எல்லாம் பொதுச்சொற்கள். மாணவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று பட்டியல் எடுத்துக்கொள்கிறது, மாணவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். தெரியாத சொல்லைக் கண்டால் அகராதியைத் திறக்கலாம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லுக்கு யாரும் அகராதி திறப்பதில்லை.

'டிகிரி' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்வழி மாணவருக்குக் கோணம் என்றால் பாகை, பல்லுறுப்புக்கோவை என்றால் படி, கல்லூரி என்றால் பட்டம். வெப்பநிலைக்கு மட்டும் டிகிரி. நான்கு கருத்து, நான்கு சொல். ஆங்கில நூலில் நான்கும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. 'பவர்' அதைவிடச் சிக்கல். எண்ணின் தலைமேல் நிற்கும்போது அது அடுக்கு, இயற்பியலில் திறன், வீட்டில் மின்சாரம், கண்ணாடிக் கடையில் வில்லையின் திறன், சமூக அறிவியலில் அதிகாரம். 'பேஸ்' வடிவியலில் அடிப்பக்கம், மடக்கையில் அடிமானம், வேதியியலில் காரம். 'சொல்யூஷன்' கணித வகுப்பில் தீர்வு, அடுத்த மணி நேரத்தில் வேதியியல் ஆய்வகத்தில் கரைசல். 'புராடக்ட்' ஒரு வகுப்பில் பெருக்கற்பலன், இன்னொன்றில் விளைபொருள். 'டெரிவேட்டிவ்' நுண்கணிதத்தில் வகைக்கெழு, வேதியியலில் ஒரு சேர்மத்திலிருந்து பெறப்பட்ட வேறொரு சேர்மம், பங்குச் சந்தையிலோ வேறொரு பொருளின் விலையைச் சார்ந்து மதிப்புப் பெறும் ஒப்பந்தம். 'பாண்ட்' அணுக்களுக்கிடையே பிணைப்பு, நிதியில் கடன்பத்திரம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கருத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பவர் தமிழ்வழி மாணவர்தான். வேகத்தையும் திசைவேகத்தையும், நிறையையும் எடையையும், விசையையும் ஆற்றலையும் திறனையும் அவர் வேறு வேறு பெயரால் படித்து வந்திருக்கிறார். தமிழ் அறிவியல் சொல்லாக்கம் நமக்குக் கொடுத்த சொத்து இது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க 19ஆம் நூற்றாண்டில் செய்த உழைப்பு, 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழ்க் கலைச்சொற்களுக்காகத் தொடங்கிய சங்கம், பிறகு பாடநூல் நிறுவனம் வரை வந்த ஒரு நீண்ட வரிசை அதன் பின்னால் நிற்கிறது. கல்லூரிக்கு வரும் தமிழ்வழி மாணவர் வெறுங்கையோடு வருவதில்லை. அவர் கையில் இருக்கும் நான்கு சாவிகளில் எந்தச் சாவி இந்த ஆங்கிலச் சொல்லுக்கு இப்போது பொருந்தும் என்று காட்டத்தான் ஆள் இல்லை. 'டிகிரி என்றால் பாகை' என்று ஒற்றைப் பொருள் எழுதிய குறிப்பேடு அங்கே தவறாக வழிகாட்டும். 'பல்லுறுப்புக்கோவையின் டிகிரி', 'கோணத்தின் டிகிரி' என்று சொற்றொடராக எழுதிய குறிப்பேடு வழிகாட்டும்.

இந்தத் தடுமாற்றம் நம் மாணவருக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பால் கார்ட்னர், அறிவியல் நூலில் வரும் துறைசாராத சாதாரணச் சொற்களை மாணவர்கள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதித்தார். அதைத் தொடர்ந்து பிரிட்டனில் காசல்ஸ், ஜான்ஸ்டன் இருவரும் செய்த ஆய்வு 1980களில் வெளிவந்தது. ஆங்கிலமே தாய்மொழியான பிள்ளைகள்கூட இந்தச் சொற்களில் தடுக்கி விழுந்தார்கள். சிலவற்றுக்கு நேர் எதிர்ப்பொருளே கொண்டார்கள். புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது என்று பொருள்படும் 'நெக்ளிஜிபிள்' என்ற சொல்லை ஏராளம் என்று புரிந்துகொண்ட மாணவர்கள் இருந்தார்கள். வினாவில் ஒரு கடினச் சொல்லை எளிய சொல்லாக மாற்றினால், வேதியியல் அறிவு கூடாமலேயே மதிப்பெண் கூடியது. நம் பல்கலைக்கழகங்களில் வினாத்தாள் தயாரிப்போர் இந்த ஒரு முடிவை மட்டும் மனத்தில் வைத்தால்கூடப் பெரிய மாற்றம் வரும்.

கணிதத்துக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுணுக்கமாகிறது. 1974இல் நைரோபியில் மொழியியலும் கணிதக் கல்வியும் பற்றி யுனெஸ்கோ ஒரு கருத்தரங்கு நடத்தியது. அங்கே பேசிய மொழியியலறிஞர் ஹாலிடே, கணிதமொழி என்பது வெறும் சொற்களின் கூட்டமன்று, பொருள் கூறும் தனி முறை, தனி வாக்கிய அமைப்பு, தனி வாத நடை எல்லாம் சேர்ந்தது என்றார். அதன் உண்மையை வினா ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே உணரலாம்.

'பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழி' என்கிறோம். 12 முதலில், 5 பிறகு. எழுதும்போதும் 12 − 5. ஆங்கிலத்தில் 'சப்ட்ராக்ட் ஃபைவ் ஃப்ரம் ட்வெல்வ்'. ஐந்து முதலில் வந்துவிடுகிறது. 'எக்ஸைவிட ஐந்து குறைவு' என்பதை வரும் வரிசையிலேயே குறியீடாக்கினால் எக்ஸ் − 5 கிடைக்கிறது. 'ஃபைவ் லெஸ் தன் எக்ஸ்' என்பதை வரும் வரிசையிலேயே எழுதுபவர் 5 − எக்ஸ் என்று எழுதித் தவறுகிறார். '20ஐ 5ஆல் வகு' என்பதில் எது வகுபடுவது, எது வகுப்பது என்பதை வேற்றுமை உருபே ஒட்டிக்கொண்டு காட்டுகிறது. சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் 'பை', 'இன்டு' என்ற சிறு இடைச்சொற்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. 'டிவைட் ட்வென்டி பை ஃபைவ்' என்பதும் 'டிவைட் ஃபைவ் இன்டு ட்வென்டி' என்பதும் ஒரே கணக்கு. போதாக்குறைக்கு நம் வகுப்பறைகளில் 'இன்டு' என்றால் பெருக்கல் என்று பழகியிருக்கிறோம்.

தமிழ் எப்போதும் குறியீட்டோடு ஒத்துப்போகும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. பின்னத்தில் நிலைமை தலைகீழ். 'நான்கில் மூன்று' என்று பகுதியை முதலில் சொல்கிறோம், எழுதுவதோ தொகுதியை முதலில். ஆனால் மொத்தத்தை முதலில் சொல்லி அதிலிருந்து பங்கை எடுக்கும் இந்த முறை கருத்தைத் தெளிவாக்குகிறது. கொரிய மொழியும் பின்னத்தை இப்படியே சொல்கிறது. 1999இல் வெளியான ஓர் ஒப்பாய்வில், பள்ளியில் பின்னம் கற்பிப்பதற்கு முன்பே கொரியக் குழந்தைகள் பின்னத்தையும் அதன் படத்தையும் அமெரிக்க, குரோஷியக் குழந்தைகளைவிட நன்றாகப் பொருத்தினார்கள். தாய்மொழியின் சொல்முறையைக் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வது எவ்வளவு பெரிய இழப்பு!

1981இல் கிளமென்ட், லாக்ஹெட், மங்க் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு கணிதக் கல்வியில் புகழ்பெற்றது. அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேரிடம், 'இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்' என்ற பொருளுள்ள ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்துச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். 37 சதவீதத்தினர் தவறாக எழுதினார்கள். மாணவர் எண்ணிக்கை ஆறால் பெருக்கப்பட்டுப் பேராசிரியர் எண்ணிக்கைக்குச் சமம் என்பதே பெரும்பாலோர் எழுதிய தவறு. ஆங்கில வாக்கியத்தில் 'ஆறு', 'மாணவர்', 'பேராசிரியர்' என்ற வரிசையில் சொற்கள் வருவது இதற்கு ஒரு காரணம். 'மாணவர் எண்ணிக்கை பேராசிரியர் எண்ணிக்கையின் ஆறு மடங்கு' என்று தமிழில் நிறுத்திச் சொன்னால் சமன்பாடு தானாகவே சரியாக அமையும். 'ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்' என்று சொன்னால் தமிழிலும் அதே குழியில் விழலாம். எனவே வினாவைப் படித்தவுடன் குறியீட்டுக்குத் தாவாமல், 'எது, எதன், எத்தனை மடங்கு' என்று ஒரு தமிழ் வாக்கியமாக்கிப் பார்ப்பது மாணவருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பழக்கம். மனத்துக்குள் மொழிபெயர்ப்பது மெதுவானது, விட்டுவிடு என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. கணித வினாவில் அந்த மெதுவே பாதுகாப்பு.

சின்னச் சொற்களில் எனக்கு மிகவும் அபாயமாகத் தோன்றுவது 'எனி'. 'எனி' எண்ணுக்கும் இது பொருந்தும் என்று நிறுவுக என்றால், எந்த எண்ணை எடுத்தாலும் என்று பொருள். அதாவது எல்லா எண்ணும். 'எனி' எண் இந்த நிபந்தனையை நிறைவு செய்கிறதா என்று கேட்டால், ஏதேனும் ஓர் எண் இருக்கிறதா என்று பொருள். முதலாவதற்குப் பொது நிறுவல் வேண்டும், இரண்டாவதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தர்க்கத்தில் இரண்டும் வேறு வேறு உலகம், தமிழில் 'எந்த', 'ஏதேனும்' என்று இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஒன்றே. ஓர் எடுத்துக்காட்டை எழுதிவிட்டு நிறுவிவிட்டதாக நினைக்கும் முதலாண்டு மாணவரின் தவறு சில வேளைகளில் கணிதத் தவறே இல்லை.

'அட்லீஸ்ட்' என்பதில் 'குறைவு' என்ற பொருள் ஒளிந்திருப்பதால் சிறியது என்ற குறியைப் போடுகிறார்கள். குறைந்தது இரண்டு என்றால் இரண்டும் அதற்கு மேலும். 'அட்மோஸ்ட்' அதன் மறுபுறம். 'ஆர்' என்பது கணிதத்தில் இரண்டும் சேர்ந்து நிகழ்வதையும் உள்ளடக்கும். காபி அல்லது டீ என்று கேட்கும்போது நாம் கொள்ளும் பொருள் அதுவன்று. 'அன்லெஸ்' வந்தால் அதை 'இல்லாவிட்டால்' என்று உடைத்துப் படிக்க வேண்டும். 'ரெஸ்பெக்டிவ்லி' என்பது நமக்கு நன்கு தெரிந்த 'முறையே'. 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்பது நம் பாடநூலின் 'இருந்தால், இருந்தால் மட்டுமே'. இரு திசையிலும் நிறுவ வேண்டும் என்ற கட்டளை அதற்குள் இருக்கிறது. இப்படி முப்பது, நாற்பது இணைப்புச் சொற்கள்தாம். இவற்றை ஒரு வாரத்தில் எடுத்துக்காட்டோடு கற்பித்துவிடலாம். பாடத்திட்டம் அந்த ஒரு வாரத்துக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

நீண்ட வாக்கியத்தைப் பிரிக்கவும் ஒரு வழி இருக்கிறது. தமிழில் அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும்: '7ஆல் வகுக்கும்போது மீதி 3 தரும் எண்'. ஆங்கிலத்தில் எண் முதலில் வந்து நிற்க, அதைப் பற்றிய செய்தி 'விச்' என்ற வாலாகப் பின்னால் நீளும். ஏவல் வினையோ தமிழில் கடைசி, ஆங்கிலத்தில் முதல். ஆகவே வினையை முதலில் அடிக்கோடிட்டு, எதைக் காணச் சொல்கிறது என்று அறிந்து, பிறகு வாலிலிருந்து தலைக்கு ஏறிப் படித்தால் தமிழ் வாக்கியம் கிடைத்துவிடும். அறிவியல் நூலில் இன்னொரு சுமையும் உண்டு. வினைகளைப் பெயராக்கி அடுக்குவது. கண்ணாடியில் விரிசல் எவ்வளவு விரைவாக வளர்கிறது என்பதை 'கிளாஸ் கிராக் குரோத் ரேட்' என்று நான்கு பெயர்ச்சொற்களாக அடைக்கும் வழக்கத்தை ஹாலிடே எடுத்துக்காட்டினார். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி அவிழ்த்தால் வினைகள் மீண்டும் வெளிவரும்: வீதம், எதன்? வளர்ச்சியின். எது வளர்கிறது? விரிசல். எதில்? கண்ணாடியில்.

அறிவியல் பேசும் இந்த நிலைக்கு ஆங்கிலமும் எளிதில் வந்துவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கவிஞர் சாசர் வானியல் கருவி ஒன்றைப் பற்றித் தன் பத்து வயது மகனுக்கு ஆங்கிலத்தில் நூல் எழுதினார். மகனுக்கு லத்தீன் போதவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். 1551இல் ராபர்ட் ரெக்கார்ட் வடிவியல் நூல் எழுதியபோது இணைகோட்டுக்கும் தொடுகோட்டுக்கும் கூர்ங்கோணத்துக்கும் எளிய ஆங்கிலச் சொற்களை உண்டாக்கிப் பார்த்தார். பெரும்பாலானவை நிலைக்கவில்லை, லத்தீனும் கிரேக்கமும் வென்றன. இன்றைய சமக்குறி அவர் 1557இல் தந்தது. தம் மொழியில் கற்பிக்க வேண்டும் என்று சொல் தேடிய ரெக்கார்டும் சேலத்துச் சங்கத்தாரும் ஒரே வழியில் நடந்தவர்கள்.

நிதிப் படிப்பில் சொல் தவறினால் மதிப்பெண் மட்டும் போவதில்லை, பணமும் போகும். நிதி பேசத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பர்மாவிலும் மலாயாவிலும் பெரும் கடன் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், 'முதல்', 'நடப்பு வட்டி', 'தவணை', 'உண்டியல்', 'பேரேடு', 'ஐந்தொகை' என்று தமிழிலேயே கணக்கு வைத்தார்கள். இன்றைய வணிகவியல் மாணவருக்கு அந்த மரபின் நினைவு இல்லை, ஆங்கிலச் சொல்லும் கைக்கு வரவில்லை.

'டெபிட்', 'கிரெடிட்' இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு. பள்ளியில் பற்று, வரவு என்று படித்தவருக்கு முதல் அதிர்ச்சி, கைக்கு வந்த ரொக்கத்தைப் பற்றில் எழுதுவது. இரண்டாவது அதிர்ச்சி, வங்கியில் பணம் போட்டால் பாஸ்புக்கில் 'கிரெடிட்' என்று வருவது. இரண்டுக்கும் விளக்கம் ஒன்றே: யாருடைய ஏட்டில் எழுதுகிறோம் என்பது. நம் ஏட்டில் வங்கி நமக்குத் தர வேண்டியது, அதனால் அது பற்று. வங்கியின் ஏட்டில் நமக்கு அது தர வேண்டியது, அதனால் அது வரவு. இதைத் தமிழில் பத்து நிமிடம் பேசினால் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்ற பாடம் முழுவதும் திறந்துகொள்ளும். ஆங்கில விதியை மனப்பாடம் செய்ய வைத்தால் மூன்றாண்டும் அது மூடியே கிடக்கும்.

'பெர்சென்ட்', 'பெர்சென்டேஜ் பாயின்ட்' என்ற இரண்டுக்குமான வேறுபாட்டைப் பட்டதாரிகள் பலரும் தவறவிடுகிறார்கள். 2022 மே மாதத் தொடக்கத்தில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. உயர்வு 2.5 சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் சொன்னால் 62.5 சதவீத உயர்வு. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு. 'யீல்ட்' என்பது வயலில் மகசூல். கடன்பத்திரத்திலோ விலை இறங்கும்போது ஏறுவது: ஆண்டுக்கு 7 ரூபாய் தரும் 100 ரூபாய்ப் பத்திரத்தை 95 ரூபாய்க்கு வாங்கினால் நடப்பு யீல்ட் 7.37 சதவீதம். 'அப்ரிஷியேஷன்' என்பது ரூபாயைப் பற்றி வரும்போது பாராட்டு ஆகாது, மதிப்பு உயர்வு. 'டிப்ரிஷியேஷன்' இயந்திரத்துக்குத் தேய்மானம், ரூபாய்க்கு மதிப்பிறக்கம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேரை ஏமாற்றும் சொல் 'ஃபிளாட்'. 1 லட்சம் ரூபாய் கடன், ஓராண்டுத் தவணை, 12 சதவீத ஃபிளாட் வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 9,333 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் போடப்படுகிறது. குறையும் நிலுவைக்கு வட்டி கணக்கிட்டால் இதே தவணை ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீத வட்டிக்குச் சமம். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறுந்தொழில் கடன்களுக்கும் ஆண்டு வட்டி விகிதத்தை எல்லாச் செலவும் சேர்த்து ஒரு முக்கிய விவரத் தாளில் தர வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நிதி படிக்கும் மாணவர் தன் வீட்டுக்கு வரும் அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கி, ஆங்கிலப் பிரதியோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் அதைவிட நல்ல சொற்பாடம் கிடையாது.

புள்ளியியலில் ஒரே ஒரு சொல்லை மட்டும் குறிப்பிடுகிறேன். 'சிக்னிஃபிகன்ட்' என்றால் பெரியது, முக்கியமானது என்று படித்தவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். சோதனையில் கிடைத்த வேறுபாடு, உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால் எளிதில் வந்திருக்க முடியாதது என்பதுதான் அதன் பொருள். மிகச் சிறிய, பயனே இல்லாத வேறுபாடும் மாதிரி பெரிதாக இருந்தால் 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடும். இந்தக் குழப்பம் தொழில்முறை ஆய்வாளர்களிடமே பரவியதால், 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் இது குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது.

ஆகவே தமிழ்வழி மாணவருக்கு வேண்டியது இன்னொரு இலக்கண நூலும் இல்லை, பேச்சுப் பயிற்சியும் இல்லை. முதல் பருவத்தின் முதல் இரண்டு வாரம், அவரவர் பாட ஆசிரியரே, அவரவர் பாடநூலின் வாக்கியங்களைக் கொண்டே நடத்தும் ஒரு பாலப் பயிற்சிதான் வேண்டும். ஆங்கிலத் துறை இதைத் தனியாகச் செய்ய முடியாது. 'எனி' என்பதன் இரு பொருளைக் கணித ஆசிரியர்தான் காட்ட வேண்டும், 'பேஸ்' என்பதை வேதியியல் ஆசிரியர்தான் காட்ட வேண்டும். வகுப்பில் தமிழ் கலந்து விளக்குவதைக் குற்றமாக எண்ணும் வழக்கமும் போக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் பன்மொழி வகுப்பறைகளை ஆராய்ந்த ஜில் ஆட்லரும் மமோகெத்தி செட்டாட்டியும், தாய்மொழிக்கு மாறி விளக்குவது கணிதம் கற்க உதவும் வளம் என்று பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். நம் ஆசிரியர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், பெரும்பாலும் கூச்சத்தோடு. கூச்சம் வேண்டாம், திட்டமிட்டுச் செய்யுங்கள்.

மாணவருக்கும் ஒரு வார்த்தை. பழைய தமிழ்ப் பாடநூலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாண்டும் அது மேசையில் இருக்கட்டும். ஆங்கில நூலில் ஒரு பக்கம் புரியாதபோது அதே பாடத்தைத் தமிழில் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். குறிப்பேட்டில் தனிச்சொல்லை எழுதாமல் அது வந்த வாக்கியத்தை எழுதுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு கோரிக்கை. ஆங்கிலவழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர் தம் மொழியில் தேர்வெழுத அனுமதிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் எழுதியது. விடைக்கு அனுமதி கிடைத்தாலும் வினா ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பாதி உதவிதான். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பல லட்சம் வினாத்தாள்களை இரு மொழியில் அச்சிடும் மாநிலம் இது. முதலாண்டு இரண்டு பருவங்களுக்காவது கணிதம், அறிவியல், வணிகவியல் வினாத்தாள்களை அதேபோலத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அருகருகே அச்சிடுங்கள். வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.